கோலுக்கேற்ற கயிறு

நற்செய்தியில் மீன்பிடித்தல் என்றதும் நம் நினைவுக்கு வருவது வலைதான். கெனசரேத்து ஏரியும், படகும், கிழியும் அளவுக்கு நிறைந்த வலையும் நம் மறைக்கல்வி வகுப்புகளிலிருந்தே நம்மோடு வருபவை. தூண்டிலோ நான்கு நற்செய்திகளிலும் ஒரே ஒரு முறைதான் தலைகாட்டுகிறது. கோவில் வரி செலுத்துவதற்காகப் பேதுருவைக் கடலுக்கு அனுப்பித் தூண்டில் போடச் சொன்ன நிகழ்ச்சி அது. அதை மத்தேயு மட்டுமே எழுதியிருக்கிறார். வலை கூட்டத்தைத் தேடுவது. தூண்டில் ஒன்றைத் தேடுவது. ஒன்றைத் தேடுபவனுக்குப் பொறுமை அதிகம் வேண்டும். கருவியைப் பற்றிய அறிவும் அதிகம் வேண்டும்.

தூண்டில் வகைகளுள் மிகுந்த நுட்பம் வாய்ந்தது, ஆங்கிலத்தில் 'பிளை பிஷிங்' என்று வழங்கும் ஈத்தூண்டில். நீர்மேல் பறந்து விழும் ஈயையும் பூச்சியையும் உண்ணும் மீனைப் பிடிப்பதற்கு, இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பொய் ஈ ஒன்றைச் செய்து வீசுவது இந்த முறை. மிகப் பழமையானது. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்னும் எழுத்தாளர், மக்கெதோனியாவின் ஆற்றங்கரை மக்கள் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டி மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். அவர்களுடைய கோலின் நீளம் ஆறடி; கயிற்றின் நீளமும் ஆறடி.

எங்கள் குடும்பத்துக்கு இந்தக் கலை வந்து சேர்ந்த வழி நீலகிரி வழி. அந்த மலையின் ஓடைகளில் ட்ரௌட் மீன் இயற்கையாக இருந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே அதைக் கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எச்.சி. வில்சன் என்பவரின் முயற்சியால்தான் அது வேரூன்றியது. அவலாஞ்சியில் மீன் பொரிப்பகமும் எழுந்தது. தேயிலைத் தோட்டத்து ஆங்கில மேலாளர்கள் ஓய்வு நாள்களில் ஈத்தூண்டிலோடு ஓடைக்குப் போவார்கள். எங்கள் பெரியப்பா அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில் எழுத்தராக இருந்தார். 1958-இல் தாயகம் திரும்பிய ஒரு மேலாளர், தாம் பயன்படுத்திய மூங்கிற்கோலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எட்டரை அடி நீளம். மூங்கிலை ஆறு பட்டைகளாகச் சீவி, ஒட்டி, நூல் சுற்றி, மெருகெண்ணெய் பூசிய கோல். கைப்பிடிக்கு மேலே கறுப்பு மையில் எச்-இ-எச் என்று மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தன.

ஓய்வு பெற்றபின் அந்தக் கோல் நெடுங்காலம் துணியுறைக்குள் உறங்கியது. 2009-இல், தம் எழுபத்தெட்டாம் வயதில், பெரியம்மாவை அடக்கம் செய்த சில மாதங்களுக்குப் பிறகு, பெரியப்பா அதை வெளியே எடுத்தார். அதுவரை வீட்டில் எதையும் கேட்காமலிருந்த மனிதர், "இதுக்கு ஒரு கயிறு வேணும்ப்பா" என்று எங்களைக் கேட்டார். ரீலில் இருந்த பழைய பட்டுக்கயிறு கறுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. இரு கைகளாலும் பிடித்து இழுத்தபோது நைந்து அறுந்தது. பெரியப்பா பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளுமாகிய நாங்கள் நால்வரும் அந்த வேண்டுகோளைப் பெரிதாகவே எடுத்துக்கொண்டோம். அவர் மீண்டும் ஒன்றை விரும்பியதே எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

கயிறு வாங்குவது எளிய காரியம் என்று வாசகர்கள் எண்ணலாம். ஈத்தூண்டிலில் அது எளிதன்று. நம் குளக்கரையில் தூண்டில் போடுபவர் முள்ளுக்கு மேலே ஈயக்குண்டு கட்டுகிறார். வீசும்போது குண்டு முன்னே பாய்கிறது. கயிறு அதன் பின்னே இழுபட்டுச் செல்கிறது. பொய் ஈக்கோ எடையே இல்லை. கைவிரலால் சுண்டினால் நான்கடி கூடப் போகாது. ஆகவே இங்கே ஒழுங்கு தலைகீழாகிறது. எடை முழுவதும் கயிற்றிலேயே இருக்கிறது. கோல் கயிற்றை வீசுகிறது; கயிறு ஈயைச் சுமந்து செல்கிறது. கயிறு பின்னால் நீண்டு விரியும்போது அதன் எடை கோலை வளைக்கிறது. முன்னே வீசும்போது கோல் நிமிர்ந்து அந்த விசையைக் கயிற்றுக்கே திருப்பிக் கொடுக்கிறது. கயிறு மிக இலேசானால் கோல் வளையாது. வெறுங்குச்சியை ஆட்டியது போலிருக்கும். மிகக் கனத்தால் கோல் துவண்டுபோகும். பழைய மூங்கிலானால் ஒட்டு விட்டு முறியவும் கூடும். ஒவ்வொரு கோலும் ஒரு குறிப்பிட்ட எடையை ஏந்துவதற்கென்றே செய்யப்படுகிறது. அந்த எடையைக் கண்டறிவதே கயிறு தேர்வதன் முதற்படி.

இந்தக் கணக்கை மனிதர் நெடுங்காலமாகப் போட்டு வந்திருக்கின்றனர். 1496-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்டு என்பவர் அச்சிட்ட தூண்டில் நூலொன்று ஆங்கிலத்தில் உண்டு. அதை எழுதியவர் சோப்வெல் மடத்துத் தலைவி ஜூலியானா பெர்னர்ஸ் என்பது மரபு. ஆய்வாளர் அனைவரும் அதை ஏற்பதில்லை. அக்காலத்துக் கயிறு குதிரை வால் மயிரை முறுக்கிச் செய்தது. எந்த மீனுக்கு எத்தனை மயிர் என்று அந்நூல் கணக்குச் சொல்கிறது: மிகச் சிறு மீனுக்கு ஒன்று, ட்ரௌட்டுக்கு ஒன்பது, பெரிய ட்ரௌட்டுக்குப் பன்னிரண்டு, சால்மனுக்குப் பதினைந்து. நீரின் நிறத்துக்கேற்ப மயிருக்குச் சாயமேற்றும் முறையும் அதில் உண்டு.

பின்னர் பட்டு வந்தது. பட்டைப் பின்னி எண்ணெய் ஏற்றிய கயிறுகள் அழகானவை. ஆனால் மிதப்பதற்கு மெழுகுப் பசை தடவ வேண்டும், ஒவ்வொரு நாளும் பிரித்து உலர்த்த வேண்டும், இல்லையேல் மக்கிவிடும். எல்லாம் பட்டாக இருந்த காலத்தில் கயிற்றின் பருமனைச் சொன்னாலே எடை விளங்கியது. ஆகவே பருமனுக்கு எழுத்துகளைக் குறியாக வைத்தார்கள். 'இ' என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு. 'எச்' என்றால் 25 பங்கு. எச்-இ-எச் என்பதன் பொருள், நுனி மெலிந்து, நடு பருத்து, மறுநுனியும் மெலிந்த கயிறு என்பது. விகடகவி என்ற சொல்லைப் போல, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அது ஒன்றே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலானும் அதன்மேல் பூசிய பிளாஸ்டிக்கும் வந்தபோது இந்த முறை பயனற்றுப் போயிற்று. நைலான் பட்டை விட இலேசானது. மேற்பூச்சின் எடையோ செய்பவருக்குச் செய்பவர் மாறுபட்டது. பருமன் ஒன்றாயிருந்தும் எடை வேறாயிற்று. எனவே 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க மீன்பிடிக் கருவி உற்பத்தியாளர் சங்கத்தார் பருமனை விட்டுவிட்டு எடையையே அளவாகக் கொண்டனர். கயிற்றின் முன்பகுதி முப்பதடியை நிறுத்து, அதற்கு ஓர் எண் கொடுத்தனர். நிறுக்கும் அலகு கிரெயின், அதாவது தானிய மணி. நம் பொற்கொல்லர் குன்றிமணியால் பொன்னை நிறுத்தது போலத்தான் இதுவும்.

நான்காம் எண் கயிற்றின் முப்பதடி 120 கிரெயின், ஐந்து 140, ஆறு 160, எட்டு 210, பன்னிரண்டு 380. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் இன்னும் விளங்கும். ஐந்தாம் எண் கயிற்றின் முப்பதடி ஏறக்குறைய ஒன்பது கிராம்; ஒரு சவரனுக்குச் சற்று மேல். நான்காம் எண் ஒரு சவரனுக்குச் சற்றுக் குறைவு. கடலின் பெருமீனுக்கான பன்னிரண்டாம் எண்ணே மூன்று சவரனைச் சற்றுத்தான் தாண்டுகிறது. எட்டரை அடிக் கோலை வளைத்து, அதற்கு உயிர் கொடுக்கும் சுமை ஒரு சவரன் பொன்னளவே என்று அறிந்த நாளில் நாங்கள் வியந்துபோனோம்.

பழைய எழுத்துகளையும் புதிய எண்களையும் ஒப்பிடும் அட்டவணை ஒன்றைத் தேடி எடுத்தோம். எச்-இ-எச் என்பதற்கு நேராக இருந்தது இருபுறம் மெலிந்த, மிதக்கும், ஐந்தாம் எண் கயிறு. இக்காலத்துப் பெட்டிகளில் அது 'டிடி-5-எஃப்' என்று அச்சிடப்பட்டிருக்கும். முதலில் வடிவம், நடுவில் எடை, இறுதியில் மிதப்பதா மூழ்குவதா என்பது. வடிவத்தில் இன்று பெரிதும் விற்பது முன்கனத்த கயிறு. அதன் கனம் முழுவதும் முதல் முப்பது, நாற்பதடியில் அமைந்து, பின்பகுதி மெல்லிய இழையாக ஓடும். தொலைவுக்கு வீச அது ஏற்றது. இருபுறம் மெலிந்ததோ சிற்றோடைக்கும் குறுந்தொலைவுக்கும் ஏற்றது. நீரில் மென்மையாகப் படியும். அதற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதைப் பின்னர் சொல்வோம்.

மிதக்கும் கயிற்றின் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெற்றுக் கண்ணாடிக் குமிழ்களைக் கலக்கிறார்கள். மூழ்கும் கயிற்றில் டங்ஸ்டன் பொடியைக் கலக்கிறார்கள். நீர்மேல் வரும் மீனுக்கு மிதப்பதே போதும். நிறத்தைப் பொறுத்தவரை பெரியப்பாவின் கண்களை எண்ணி வெளிர்மஞ்சளைத் தேர்ந்தோம். கயிற்றுக்கும் ஈக்கும் இடையே நிறமற்ற நரம்பு ஒன்பதடி இருப்பதால், மீன் கயிற்றைக் கண்டு மிரளுமோ என்ற கவலை குறைவு.

எண்ணைப் பொறுத்தவரையில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. இங்கிலாந்தில் செவிலியாகப் பணிபுரியும் எங்கள் அண்ணன் மகள் கிறிஸ்துமசுக்கு வரும்போது வாங்கிவர ஒப்புக்கொண்டிருந்தாள். அங்கே கடைக்காரர் அவளிடம், "முதியவருக்கென்றால் ஓர் எண் கூட்டி, ஆறாக வாங்குங்கள்" என்று சொல்லியிருந்தார். அதில் நியாயம் இல்லாமலில்லை. எண் என்பது முப்பதடிக்கு உரியது. பெரியப்பாவின் தளர்ந்த தோள் இருபதடிக்கு மேல் வீசாது. இருபதடி மட்டுமே வெளியே இருந்தால் ஐந்தாம் எண் கயிற்றின் எடை ஆறு கிராமை எட்டாது. கோல் சரியாக வளையாது. வளையாத கோலை வீசுவதற்குக் கைதான் பாடுபட வேண்டும். ஆறாம் எண்ணானால் அந்தக் குறுந்தொலைவிலேயே கோல் விழித்துக்கொள்ளும். இருபதடிக்குள் நிற்கும்வரை கோலுக்கும் கேடில்லை. எங்களில் இருவர் ஆறுதான் என்றனர். மற்ற இருவர், அட்டவணை சொல்வதை மீறக்கூடாது, கோல் அறுபது ஆண்டுப் பழையது என்றனர். கோலுக்காகக் கயிறா, ஆளுக்காகக் கயிறா என்பதே கேள்வி.

இறுதியில் அவரிடமே கேட்டோம். பெரியப்பா கணக்கு முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். திண்ணையில் உட்கார்ந்து கைப்பிடித் தக்கையைத் துடைத்துக்கொண்டிருந்த தம் பேரனைப் பார்த்தார். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "அஞ்சே வாங்குங்க. நான் இருபதடியோட நிப்பேன். இவன் நிக்கமாட்டான், நாற்பதடி விடுவான். அப்ப கோல் தாங்கணும்ல?" என்றார்.

நாங்கள் அவருடைய இன்றைய கையை எண்ணிக் கணக்கிட்டோம். அவர் கோலின் நாளையையும் எண்ணினார். தமக்குக் கொஞ்சம் சிரமம் கூடினாலும் பரவாயில்லை என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் அது அடங்கியிருந்தது. ஐந்தாம் எண்ணே வந்தது.

கயிற்றை ரீலில் ஏற்றுவதும் ஒரு முறையோடு செய்ய வேண்டிய வேலை. கயிற்றை நேரே உருளையில் கட்டுவதில்லை. முதலில் டாக்ரான் என்னும் வலிய மெல்லிய பின்னல்நூலை அடிநூலாகச் சுற்ற வேண்டும். அதற்குப் பயன் இரண்டு. பெருமீன் இழுத்தோடினால் கொடுப்பதற்குக் கையிருப்பு உண்டு. மேலும், உருளையின் உட்புறம் நிரம்புவதால் கயிறு பெரிய வளையங்களாகச் சுற்றிக்கொள்ளும். சிறு வளையமாகச் சுற்றிய கயிறு பிரிக்கும்போது சுருள்சுருளாகவே நிற்கும். விளிம்புக்கு அரை விரற்கடை குறைவாக நிரம்பினால் அளவு சரி.

அடிநூலைக் கயிற்றோடு இணைப்பதற்குக் கயிற்று நுனியை மடக்கி, அதன்மேல் நூலைப் பத்துச் சுற்றுச் சுற்றி, மடிப்பின் வழியே திரும்ப எடுத்து இறுக்குகிறோம். முடிச்சை எச்சிலால் ஈரப்படுத்தியே இறுக்க வேண்டும். உலர்ந்த முடிச்சு உராய்ந்து சூடேறி நூலை நலிவிக்கும். கயிற்றின் முன்நுனியில், நம் தூண்டில்காரர் தங்கூசி என்று சொல்லும் நைலான் நரம்பை ஆணி முடிச்சால் கட்ட வேண்டும். ஓர் ஆணியையோ மெல்லிய குழலையோ துணையாக வைத்துச் சுற்றுவதால் இந்தப் பெயர். இந்த நரம்பும் அடியில் பருத்து நுனியில் மெலிந்தது. கயிற்றில் ஓடிவரும் விசை படிப்படியாகக் குறைந்து, ஈ நீரில் ஓசையின்றி இறங்குவதற்காக இந்த ஏற்பாடு. நுனியின் அளவை 'எக்ஸ்' என்ற குறியால் சொல்வார்கள். பதினொன்றிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். ஐந்து எக்ஸ் என்றால் ஆறு பங்கு.

எல்லாம் கட்டி முடித்தபின் பங்குக்கோவிலின் விளையாட்டுத் திடலில் புல்தரையில் வீசிப் பார்த்தோம். தார்ச்சாலையில் வீசினால் பூச்சு கீறிவிடும். முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல்தான் கட்டினோம். கயிற்றை முதலில் கைகளுக்கிடையே மெல்ல இழுத்துச் சுருளை நீக்கினார் பெரியப்பா. பிறகு வீசினார். நாங்கள் அஞ்சியவாறே முதல் வீச்சுகள் காலடியில் விழுந்தன. அவர் அவசரப்படவில்லை. கையின் வலிமையைக் கூட்டவுமில்லை. பின்வீச்சுக்குப் பின் நிற்கும் நொடியை மட்டும் நீட்டினார். கயிறு பின்னால் முழுவதும் நீளும்வரை காத்திருந்து, பிறகே முன்னே தள்ளினார். கோல் வளைந்தது. மஞ்சள் கயிறு ஒரு மடிப்பாகக் காற்றில் உருண்டு புல்லின்மேல் நேராகப் படிந்தது. எடையில் குறைந்ததைக் காத்திருப்பதால் ஈடுசெய்யலாம் என்று அன்று கண்ணாரக் கண்டோம்.

அதன்பின் நான்கு ஆண்டுகள், உடல் இடங்கொடுத்த சனிக்கிழமைகளில், தோட்டத்து நீர்த்தேக்கத்தில் அவர் வீசினார். அங்கே ட்ரௌட் இல்லை, கெண்டைதான். பிடித்ததை எண்ணிவிடலாம். பேரன் உடன் போவான். திரும்பி வந்ததும் கயிற்றை இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைப்பது அவன் வேலை. கொசுவிரட்டி மருந்து பட்ட கையால் கயிற்றைத் தொடக்கூடாது. அதிலுள்ள வேதிப்பொருள் பூச்சை இளக்கிவிடும். வெயிலில் நெடுநேரம் போட்டு வைக்கவும் கூடாது. இவற்றையெல்லாம் அவர் அவனுக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. செய்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

நாம் பிள்ளைகளின் மேல் சுமை ஏற்றும்போது இந்தக் கணக்கை எண்ணிப் பார்ப்பதுண்டா? அண்டை வீட்டுக் கோலுக்கு எட்டாம் எண் என்றால் நம் வீட்டுக் கோலுக்கும் எட்டே வேண்டும் என்கிறோம். இன்னொரு பக்கம், பாவம் என்று ஒன்றுமே ஏற்றாமல் வைத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு; வளையாத கோல் எதையும் வீசுவதில்லை. முதியவர்களிடமும் இப்படித்தான் நடந்துகொள்கிறோம். இனி அவர்களால் ஆகாது என்று எல்லாவற்றையும் கையிலிருந்து வாங்கிவிடுகிறோம். எங்கள் பெரியப்பாவுக்கு அந்த நான்கு ஆண்டுகளைத் தந்தது ஒன்பது கிராம் சுமை.

2014-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அவர் இறந்தார். கோலைச் சுவரில் மாட்டிவைக்கலாம் என்றனர் சிலர். கயிற்றை எடுத்துப் பார்த்தோம். முதல் முப்பதடியில் பூச்சு மயிரிழையாக வெடித்திருந்தது. நீர் உட்புகுந்து நுனி மூழ்கத் தொடங்கியிருந்தது. வேறு வாங்க வேண்டியதுதான் என்று எண்ணினோம். அப்போதுதான், முன்னே சொல்லாமல் நிறுத்திய அந்தச் சிறப்பு நினைவுக்கு வந்தது. முன்கனத்த கயிறு ஒரு முனை தேய்ந்தால் முடிந்தது. இருபுறம் மெலிந்த கயிற்றுக்கு இரண்டு முனைகள். தொண்ணூறடிக் கயிற்றில் அவர் ஆண்டது முன்முனை மட்டுமே. மறுமுனை, ரீலின் ஆழத்தில், வெயிலும் நீரும் படாமல் புதிதாகவே கிடந்தது.

பதினேழு வயதாகியிருந்த பேரன் திடலில் கயிறு முழுவதையும் விரித்தான். நரம்பை வெட்டினான், அடிநூலை வெட்டினான். தாத்தாவின் தேய்ந்த முனையை அடிநூலோடு பத்துச் சுற்றுச் சுற்றிக் கட்டினான். எச்சில் தொட்டு இறுக்கினான். அந்த முனையே முதலில் உருளைக்குள் போயிற்று. புதிய முனை வெளியே வந்தது. அதில் நரம்பைக் கட்டி வீசினான். இருபதடியோடு அவன் நிற்கவில்லை. முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று விட்டான். பழைய மூங்கில் அடிவரை வளைந்தது; நிமிர்ந்தது; ஒட்டு எங்கும் விடவில்லை.

இன்று அந்தக் கோல் அவனிடம்தான் இருக்கிறது. தாத்தாவின் முனை ரீலின் அடியில், கையிருப்பு நூலை அடுத்து இருக்கிறது. அது மீண்டும் நீரைத் தொட வேண்டுமானால், கயிறு முழுவதையும் இழுத்தோடும் பெருமீன் ஒன்று மாட்ட வேண்டும். அப்படி ஒரு மீன் இதுவரை மாட்டவில்லை. அவன் சனிக்கிழமைகளில் போய்க்கொண்டுதான் இருக்கிறான்.